குளத்தில் ஐம்பத்து நாலு, போட்டியில் ஐம்பது

"டீச்சர், எனக்குள்ள ஒரு பயம் சம்மணம் போட்டு உக்காந்திருக்கு. அத எப்படி எந்திரிக்க வைக்கது?"

பேச்சியம்மா இப்படித்தான் கேட்டா.

ரெஜினாள் டீச்சர் குனிஞ்சாங்க. கீழ கிடந்த மண்வெட்டிய எடுத்து அவ கையில கொடுத்தாங்க.

நாங்க எறிஞ்சு பழகுற வத்துன குளத்துல ஒரு சட்டம் உண்டு. யார் எறிஞ்ச இரும்புக் குண்டு குழி போட்டுச்சோ, அந்தக் குழிய அவங்களே மூடணும். ஆடு மேய்க்கிறவங்க அந்த ஒரு நிபந்தனையிலதான் எங்கள அங்க விட்டு வச்சிருக்காங்க.

பேச்சி போய் மூடிட்டு வந்து நின்னா.

"புரிஞ்சுதா?"

"புரிஞ்சுது டீச்சர்."

என்ன புரிஞ்சுதோ. பக்கத்துல நின்ன எனக்கு ஒரு எழவும் புரியல.

ஆனா நான் வட்டு எறியிறவன். அவங்க ரெண்டு பேரும் ஹேமர். வட்டுக்காரனுக்குப் புரியாதது ஹேமர்காரங்களுக்குப் புரியும்னு ஊருக்குள்ள ஒரு பேச்சு உண்டு. அதக் கிளப்பி விட்டது ஹேமர்காரங்கதான்.

*

ஹேமர்னுதான் பேரு. சுத்தியலெல்லாம் கிடையாது. பேப்பர்ல சங்கிலிக் குண்டுன்னு போடுவான். சங்கிலியும் கிடையாது.

பொம்பளைங்களுக்கு நாலு கிலோ இரும்புக் குண்டு. குண்டுல ஒரு கம்பி. கம்பி நுனியில ஒரு கைப்பிடி. ஏழடி சிமெண்டு வட்டத்துக்குள்ள நின்னு, தலைக்கு மேல ரெண்டு வீச்சு வீசி, உடம்போட சேந்து நாலு சுத்து சுத்தி, விடணும். அவ்வளவுதான் விஷயம். சொல்ல லேசு.

எந்த மைதானத்துலயும் எங்கள உள்ள விடமாட்டான். புல்லு போயிரும்பான். அதான் தண்ணி வத்துன குளம். சவுக்குக் கம்பு நட்டு, பழைய மீன்வலைய ரெண்டு மடிப்பாக் கட்டியிருக்கோம். கை தப்பின குண்ட வலை பிடிச்சுக்கிடும்.

ரெஜினாள் டீச்சருக்கு நாப்பத்து மூணு வயசு. பள்ளிக்கூடத்துல பி.டி. டீச்சர். ஹேமர்ல மாவட்ட சாதனை அவங்க பேர்லதான் இருக்கு. அம்பத்திரண்டு மீட்டர் முப்பத்தாறு. இருபத்தோரு வருஷமா அத யாரும் அசைக்கல.

பேச்சியம்மாவுக்கு முப்பத்து நாலு. மகளிர் ஸ்டேஷன்ல கான்ஸ்டபிள். ரெண்டு பிள்ளைங்க. அரிவாளோட ஓடினவன ஒத்தையாச் சந்துக்குள்ள விரட்டிப் பிடிச்சவ. பிடிச்சுட்டு, அவன் சட்டையிலேயே கையத் தொடச்சுட்டு வந்தவ.

அவளுக்குத்தான் பயமாம்.

*

காரணம் இருந்துச்சு.

குளத்துல அவ எறிஞ்சா அம்பத்து நாலு விழும். ஒரு தடவ ரெண்டு தடவ இல்ல, வாரத்துக்கு நாலு தடவ. நானே டேப்பு பிடிச்சு அளந்திருக்கேன்.

மாவட்டப் போட்டிக்குப் போனா அம்பது. அம்பதரை. அதுக்கு மேல ஒரு சாண் ஏறாது.

முதல் வருஷம் திரும்பி வந்து கேட்டா. "டீச்சர், இங்க விழுறது அங்க ஏன் விழமாட்டேங்கு?"

டீச்சர் குளத்துக் கரையைப் பாத்தாங்க. ரொம்ப நேரம் பாத்தாங்க.

"பயமா இருக்கும்."

அந்த ஒரு சொல்லோட சரி. அதுக்கப்புறம் யாரும் வேற காரணம் தேடல. டீச்சர் சொன்னா சொன்னதுதான்.

பேச்சியும் நம்பிட்டா. அன்னைக்கிலேருந்து பயத்துக்கு வைத்தியம் ஆரம்பிச்சுது.

இசக்கியம்மன் கோயில் எலுமிச்சம்பழம். தர்காவுல ஓதிக் கட்டுன கயிறு. பாளையங்கோட்டையில ஒரு மனசு டாக்டர், மூச்ச எண்ணச் சொன்னார். எண்ணிக்கிட்டே சுத்துனா, எண்ணிக்கை தப்பி, காலும் தப்பிச்சு.

அவ வீட்டுக்காரர் சுடலைமணி டயர் கடை வச்சிருக்கார். அவர் பங்குக்கு ஒரு வழி சொன்னார்.

"குண்ட உங்க இன்ஸ்பெக்டர்னு நெனச்சுக்கிட்டு எறி."

அந்த வருஷம் மூணு எறியில ரெண்டு வலைக்குள்ள போச்சு.

*

டீச்சர்ட்டயும் கேட்டுக்கிட்டேதான் இருந்தா. அவங்களும் அவங்க பாணியில பதில் கொடுத்துக்கிட்டேதான் இருந்தாங்க.

ஒரு நாள் கேட்டதுக்கு, செருப்பக் கழட்டிக் கையில எடுத்துக்கிட்டு, வட்டத்த ஒரு சுத்து சுத்திட்டு, வீட்டப் பாக்கப் போயிட்டாங்க.

நாங்க ஒரு வாரம் அதுக்கு அர்த்தம் தேடுனோம். பாரத்த இறக்கி வைன்னு சொல்லுதாங்கன்னா பேச்சி. மண்ண மதிக்கணும்னு சொல்லுதாங்கன்னான் ஈட்டி எறியிற தம்பிரான். செருப்பு வார் அறுந்திருக்கும்னு நான் சொன்னேன். ரெண்டு பேரும் என்ன மொறச்சாங்க.

இன்னொரு நாள் அவங்களே கேள்வி கேட்டாங்க.

"பயம் எங்க இருக்கு?"

"நெஞ்சுக்குள்ள டீச்சர்."

"நெஞ்சா எறியுது?"

"இல்ல டீச்சர், கை."

"அப்பொறம் என்ன?"

பேச்சி கண்ணு கலங்கிட்டா. எப்பேர்ப்பட்ட பதில்னு என்கிட்ட வந்து சொன்னா. பெரியவங்க பேசாம இருந்தா ஒரு அர்த்தம், பேசுனா நாலு அர்த்தம். நம்ம ஜனங்க அப்படித்தான்.

போட்டிக்குப் போனா மறுபடி அம்பது.

*

அந்த ஹேமரப் பத்திச் சொல்லணும்.

டீச்சர் சாதனை போட்ட ஹேமர் அதுதான். பேச்சி வந்த முதல் நாளே அத அவகிட்டக் கொடுத்துட்டாங்க. வேற எதையும் அவ குளத்துல தொட்டதில்ல.

தினமும் சாயங்காலம் டீச்சரே எண்ணெய் போட்டுத் துடைச்சு, துண்டுல சுத்தி, வீட்டுக்கு எடுத்துட்டுப் போவாங்க. கம்பி அறுந்தா டீச்சரே வீட்டுல வெட்டி, முறுக்கி, மாட்டிட்டு வருவாங்க. கடையில வாங்கினது சரிப்படாதும்பாங்க.

ஒரே ஒரு கட்டளை. "இத வெளிய கொண்டு போகக் கூடாது. போட்டியில அவங்க கொடுக்கிறத எறி."

நாங்க அதையும் பெரிய விஷயமா எடுத்துக்கிட்டோம். சாமிய உற்சவத்துக்கு வெளிய எடுக்கலாம், மூலவர எடுக்க முடியுமான்னு தம்பிரான் சொன்னான்.

*

அஞ்சாவது வருஷம் பேச்சிக்கு முட்டி போச்சு.

போலீஸ் ஆஸ்பத்திரியில படம் பிடிச்சுப் பாத்துட்டு, இந்த வருஷத்தோட நிறுத்திக்கம்மா, இல்லன்னா நடக்கக் கஷ்டப்படுவன்னு சொல்லிட்டாங்க.

அன்னைக்கு வலைக்கு வெளிய உக்காந்து அழுதா. நான் பாத்ததே இல்ல அவ அழுது.

"சாதனையத் தாண்டாமப் போறதப் பத்தி எனக்கு ஒண்ணுமில்ல அண்ணே. ஸ்டேஷன்ல சிரிக்காங்க, சிரிச்சுட்டுப் போட்டும். ஆனா பயந்தாங்கொள்ளியாப் போகணுமா? என் பிள்ளைங்க நாளைக்குக் கேட்டா என்ன சொல்ல? உங்கம்மா ஒரு சிமெண்டு வட்டத்துக்குள்ள நிக்க பயந்தவன்னா?"

தண்ணி பாட்டிலக் கொடுத்தேன்.

போட்டிக்கு மூணு நாளுக்கு முன்னால டீச்சர் அண்ணன் மகள் கல்யாணத்துக்கு மார்த்தாண்டம் போனாங்க. "நான் வர்ற வரைக்கும் ஹேமர் உன் வீட்டுல இருக்கட்டும்"னு பேச்சிகிட்டக் கொடுத்தாங்க.

பேச்சி அத பேக்குக்குள்ள வச்சுக்கிட்டுப் போட்டிக்கு பஸ் ஏறுனா.

"டீச்சர் சொல்லத் தட்டுதியே"ன்னேன்.

"கடைசி தடவ அண்ணே. பழகின குண்டு கையில இருந்தா பயம் வராதுலா."

*

சொந்த ஹேமர் கொண்டு வந்தா முதல்ல சோதனை மேசையில கொடுக்கணும். தராசுல எடை. அப்புறம் ஒரு நீளப் பலகை, அதுல ரெண்டு தடுப்பு. கைப்பிடிய ஒரு பக்கம் மாட்டி இழுத்து வைப்பாங்க. குண்டு அடுத்த தடுப்புக்குள்ள நின்னா சரி.

மேசையில இருந்தவர் ஒல்லியா, மூக்குக் கண்ணாடி போட்டவர். எடை பாத்தார். தலைய ஆட்டினார். பலகையில வச்சார்.

நிக்கல.

கழட்டி மறுபடி வச்சார். மறுபடியும் நிக்கல.

"நீளம் கூட இருக்கும்மா. மூணு சென்டிமீட்டர்."

பேச்சி சிரிச்சா. "எறிஞ்சு எறிஞ்சு இழுபட்டிருக்கும் சார்."

அவர் கம்பியக் கண்ணுகிட்டக் கொண்டு போய்ப் பாத்தார். "இது புதுக் கம்பில்லா. இழுபட்டாலும் இவ்வளவு போகாது. வெட்டும்போதே நீளமா வெட்டியிருக்காங்க."

"மூணு சென்டிமீட்டர்ல என்ன சார் வந்துரப் போகுது?"

"என்ன வருமா? கம்பி கூடினா சுத்து பெருசாகும்மா. ரெண்டு மீட்டர் சும்மா வரும். இத வச்சுப் பழகிட்டு இங்க வந்து சரியான குண்ட எறிஞ்சா அந்த ரெண்டும் போயிரும், கையோட கணக்கும் குழம்பிப் போயிரும். இது தெரியாதா உனக்கு?"

பேச்சி சிரிப்பு நின்னு போச்சு.

நான் அவ முகத்தப் பாத்தேன். அரிவாள்காரன விரட்டுனப்போ அந்த முகம் எப்படி இருந்துச்சோ தெரியாது. இப்ப ஒரு துளி ரத்தம் இல்ல.

அவர் கைப்பிடியில சிவப்பு டேப்பு ஒட்டினார். போட்டி முடிஞ்சதும் வாங்கிக்கன்னு சொல்லி மேசைக்கு அடியில தள்ளினார். நோட்டத் திறந்தார்.

"கம்பி யார் மாட்டினது?"

பேச்சி மேசைக்கு அடியில கிடந்த ஹேமரப் பாத்தா.

"நான்தான் சார்."

*

பொதுவுல வச்சிருந்த ஹேமர எடுத்து எறிஞ்சா.

முதல் எறி நாப்பத்தொம்பது. ரெண்டாவது வலையில. மூணாவதுக்கு வட்டத்துக்குள்ள போய் நின்னா. கையுறைய ஒரு தடவ இறுக்கிக்கிட்டா. எலுமிச்சம்பழத்தத் தேடல. கயித்தத் தொடல. மூச்ச எண்ணல.

அம்பத்தொண்ணு மீட்டர் எட்டு சென்டிமீட்டர்.

அஞ்சு வருஷத்துல போட்டியில அவ போட்ட பெரிய எறி அதுதான். முதல் பரிசு அவளுக்குத்தான். அது எல்லா வருஷமும் அவளுக்குத்தான். சாதனை மட்டும் இருந்த இடத்துலயே இருந்துச்சு.

திரும்பி வர்ற பஸ்ல ஜன்னலோரம் உக்காந்தா. வள்ளியூர் வரைக்கும் பேக்க மடியிலேயே வச்சிருந்தா.

"பயம் எப்படி இருக்கு?"ன்னு கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

"வாய மூடிட்டு வா அண்ணே."

*

கல்யாணம் முடிஞ்சு டீச்சர் மறுநாள் சாயங்காலம் குளத்துக்கு வந்தாங்க. கையில அதிரசப் பொட்டலம். நான் வட்டைத் துடைச்சுக்கிட்டு இருந்தேன்.

பேச்சி பேக்கத் திறந்து ஹேமர எடுத்து அவங்க முன்னால வச்சா. கைப்பிடியில சிவப்பு டேப்பு அப்படியே இருந்துச்சு.

டீச்சர் அதப் பாத்தாங்க. இது என்னன்னு கேக்கல.

"கொண்டு போகாதன்னு சொன்னேன்லா."

"சொன்னீங்க."

"எவ்வளவு போட்ட?"

"அம்பத்தொண்ணு எட்டு."

"நல்ல எறி."

பேச்சி குத்தவச்சு உக்காந்தா. கம்பிய விரலால தொட்டா.

"போன மாசம் இது அறுந்துச்சு. நீங்க புதுசு வெட்டி மாட்டிட்டு வந்தீங்க. எத வச்சு அளந்தீங்க டீச்சர்?"

"அறுந்த கம்பிய வச்சு."

"அதுக்கு முந்தி அறுந்தப்போ?"

"அதுக்கு முந்தினத வச்சு."

"முதல் கம்பிய?"

டீச்சர் பொட்டலத்தக் கீழ வச்சாங்க. வட்டத்து ஓரத்துல உக்காந்தாங்க.

"லேத்துப் பட்டறையில நானே வெட்டினேன். இருபத்திரண்டு வயசு. அளவு தெரியாது. சத்தியமாத் தெரியாது பேச்சி. அன்னைக்குப் போட்டியில தராசும் இல்ல, பலகையும் இல்ல. எறிஞ்சேன். விழுந்துச்சு. பேப்பர்ல போட்டோ போட்டாங்க. அந்த சர்டிபிகேட்ட வச்சுத்தான் எனக்கு வேலையே கிடைச்சுது."

"எப்பத் தெரியும்?"

"அடுத்த வருஷம். மெட்ராஸ்ல பலகையில வச்சாங்க. தோள்பட்டை வலிக்குன்னு சொல்லிட்டுத் திரும்பி வந்துட்டேன். பொறவு எறியவே இல்ல."

"இருபது வருஷம்."

"ஆமா."

"எனக்கு எதுக்கு இதக் கொடுத்தீங்க?"

டீச்சர் குளத்துக் கரையைப் பாத்தாங்க. இந்தத் தடவ பேச்சி விடல.

"என்னப் பாருங்க டீச்சர்."

பாத்தாங்க.

"என்கிட்ட இருந்தது இது ஒண்ணுதான். நீ என் சாதனையத் தாண்டிட்டா என் பேரு தன்னால போயிரும்னு நெனச்சேன். நான் வாயத் தொறக்க வேண்டாம்லா. நீ வந்த அன்னைக்கே தெரியும், உன் கால்ல இருக்கு அந்த எறி."

"சரியான அளவுல ஒண்ணு கொடுத்திருந்தா எப்பவோ தாண்டியிருப்பேன்."

"ரெண்டாவது வருஷம் சரியான அளவுல ஒண்ணு வெட்டினேன். மாட்டல. மாட்டினா இங்கயும் உனக்கு அம்பதுதான் விழும். ஏன்னு கேப்ப."

"கேட்டேனே!"

அந்தச் சத்தத்துல கரையில நின்ன ஆடெல்லாம் திரும்பிப் பாத்துச்சு.

"அஞ்சு வருஷமாக் கேட்டேனே டீச்சர். வாய் விட்டுக் கேட்டேன். பயம்னு சொன்னீங்க. மண்வெட்டியக் கொடுத்தீங்க. நெஞ்சா எறியுதுன்னு கேட்டீங்க. அத நான் என் பிள்ளைங்களுக்குச் சொல்லிக் கொடுத்தேன்!"

டீச்சர் கையெடுத்துக் கும்பிட்டாங்க.

"வேண்டாம்"னா பேச்சி. "அத மட்டும் செய்யாதீங்க."

நான் வட்டைத் துடைச்ச துணியவே பாத்துக்கிட்டு இருந்தேன். எந்திரிச்சுப் போகவும் முடியல, இருக்கவும் முடியல.

டீச்சர் கையக் கீழ இறக்கிட்டுச் சொன்னாங்க.

"நான் சொல்லிட்டா அந்த இடத்துக்கு உன் எறிதான் வரும். அடுத்த பெரிய எறி உன்னோடதுதான். சாதனை உன் பேருக்கு ஆயிரும்."

"எனக்கு அது வேண்டாம். அந்த அஞ்சு வருஷத்தத் திருப்பித் தர முடியுமா?"

டீச்சர் பேசல. அந்த மௌனத்துக்கு நாங்க யாரும் அர்த்தம் தேடல.

பேச்சி எந்திரிச்சா. முட்டியப் பிடிச்சுக்கிட்டே கரையேறிப் போனா. போயே போயிட்டான்னு நெனச்சேன். டீச்சரும் அப்படித்தான் நெனச்சிருக்கணும். அவங்க தலைய நிமிர்த்தவே இல்ல.

ஸ்கூட்டர் சத்தம் கேட்டுச்சு. சரிவுல இறங்கி, குண்டு விழுற தரைக்குக் குறுக்க வந்து, வட்டத்துக்குப் பக்கத்துல நின்னுச்சு. வண்டிய அவ அணைக்கல.

"தடகளச் சங்கச் செயலாளர் வீட்டுலதான் இருக்கார். போன் பண்ணிக் கேட்டுட்டேன்."

டீச்சர் மெதுவா நிமிர்ந்தாங்க.

"இன்னைக்கேவா?"

"இன்னைக்கே."

"வேலை போயிரும் பேச்சி."

"போனாலும் போகலாம்."

டீச்சர் எந்திரிக்கப் பாத்தாங்க. மறுபடி உக்காந்துட்டாங்க.

"பயமா இருக்குட்டி."

பேச்சி பின்சீட்டுல படிஞ்சிருந்த தூசிய உள்ளங்கையால தொடச்சு விட்டா.

"இருக்கட்டும் டீச்சர். ஏறுங்க."